182 செ.மீ. உயரத்துக்கு 52 சைஸ் ரோட் பைக்: அக்காவின் சைக்கிளை எனக்குப் பொருத்த முடியுமா?

கோட்டூர்புரத்தான்:

வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடைகிற விஷயம், கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் அக்கா ஆறு வருடம் ஓட்டிய ரோட் பைக் இப்போது என் கையில். வேலை கிடைத்து ஜெர்மனி கிளம்பும்போது "மாட்டி வைத்து உப்புக்காற்றில் அரிக்க விடாதே, நீயே ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து இட்லிக்கு உட்காருவாள். நான் அப்போது பள்ளிக்கூடம், அவள் வந்ததும் சைக்கிளைத் துடைத்து வைப்பது என் வேலை. அதனால் "விற்றுவிட்டு வேறு வாங்கு" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள், முடியவே முடியாது என்றால் அப்புறம் பார்க்கலாம்.

சிக்கல் சைஸ்தான். அக்கா 167 செ.மீ., நான் 182. ஃபிரேம் அலுமினியம், 52 சைஸ், மேல் டியூப் பின்பக்கம் சரிந்து வருகிற வகை. சீட்டை எவ்வளவு தூக்கியும் முட்டி மடங்கியே இருக்கிறது, முட்டுக்காடு வரை போய்த் திரும்பினால் முட்டிச்சில்லுக்கு முன்னால் குத்துகிறது, மாடிப்படி இறங்கும்போது தெரிகிறது. கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகின்றன. நீளம் பத்தவில்லை என்று தோன்றியதால் சீட்டை அதன் அடியிலிருக்கிற தண்டவாளக் கம்பியில் பின்னால் கடைசிவரை தள்ளி வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் இடம் கிடைத்தது, ஆனால் முட்டி வலி குறையவில்லை.

நான் எடுத்த அளவுகள்: கவட்டு உயரம் 87 செ.மீ. பெடல் அச்சு சுற்றுகிற மையத்திலிருந்து சீட் மேற்பரப்பு வரை இப்போது 71 செ.மீ., அக்கா 68இல் வைத்திருந்தாள். சீட்டைத் தாங்குகிற குழாயான சீட் போஸ்ட் 250 மி.மீ. நீளம், அதில் ஒரு கோடு போட்டிருக்கிறது, அந்தக் கோடு இப்போது 2 செ.மீ. வெளியே தெரிகிறது. ஹேண்டிலைப் பிடித்திருக்கிற ஸ்டெம் 90 மி.மீ., அதை உயர்த்த அடியில் போடுகிற வளையமான ஸ்பேசர் ஒன்றே ஒன்றுதான், அக்கா ஹேண்டில் தாழ்வாக வேண்டும் என்று ஸ்டெம் மாட்டுகிற ஸ்டீரர் குழாயை (முன் ஃபோர்க்கின் மேல்பகுதி) வெட்டிவிட்டாளாம். பாரிமுனையில் ஒரு கடையில் கேட்டேன், ஸ்டீரர் மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் மாட்டிவிட்டால் ஹேண்டில் உயர்ந்துவிடும் என்றார்கள். இன்னொருவர் 175 மி.மீ. கிராங்க் (பெடல் மாட்டுகிற கை) போடச் சொன்னார். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது?

நீலாங்கரை_சவாரி:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கோடு வெளியே தெரிகிற நிலையில் இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். போஸ்ட் குறைந்தது இவ்வளவாவது உள்ளே இருக்க வேண்டும் என்று தயாரித்தவர் போட்ட எல்லைக்கோடு அது. போஸ்ட் ஒடியலாம், அல்லது ஃபிரேமின் சீட் டியூப் மேல்முனையில் கிழியலாம். ஈசிஆரில் பின்னால் வண்டி வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி பொருத்தம். சின்ன ஃபிரேம் கையில் வந்தால் எல்லோரும் நீங்கள் செய்ததைத்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன்: கை முன்னால் இடிக்கிறதே என்று சீட்டைப் பின்னால் தள்ளுவது. சீட்டின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது காலும் பெடலும்தான், கை அல்ல. முதலில் சீட் உயரம், அடுத்து சீட் முன்-பின், அவை இரண்டும் நின்ற பிறகுதான் ஹேண்டில். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெட்டு, கடைசியில் எது எதனால் வலிக்கிறது என்றே தெரியாமல் போய்விடும்.

உயரத்துக்கு ஒரு தொடக்கக் கணக்கு இருக்கிறது. டூர் டி பிரான்ஸை 1986, 1989, 1990 என்று மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்குகிற கணக்கு, கவட்டு உயரத்தை 0.883 ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 87 என்றால் 76.8 செ.மீ. ஷூ கிளிக்காகிற பெடலாக இருந்தால் அதில் 3 மி.மீ. கழிப்பார்கள், ஆக 76.5. நீங்கள் ஓட்டுவது 71. ஐந்தரை செ.மீ. குறைவு! முட்டிக்கு முன்பக்கம் வலிப்பதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் முட்டி தேவைக்கு மேல் மடங்கியபடியே அழுத்துகிறது. ஒரே நாளில் ஐந்தரை செ.மீ. ஏற்ற வேண்டாம், வாரத்துக்கு ஒன்று ஒன்றரை என்று ஏற்றுங்கள், தொடைக்குப் பின்னால் இழுத்தால் அரை செ.மீ. இறக்குங்கள். சூத்திரம் ஆரம்பத்துக்குத்தான், முடிவைச் சொல்ல வேண்டியது உங்கள் கால்.

கவட்டு உயரத்தை எப்படி எடுத்தீர்கள்? பேண்ட் அளவைச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். வெறுங்காலில் சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட் மாதிரி நன்றாக மேலே அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். மூன்று முறை எடுங்கள்.

அடுத்து முன்-பின். சீட் டியூப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் சீட்டை ஏற்றினால் அது தானாகவே பின்னாலும் போகும். சாய்வு 74 டிகிரி என்று வைத்தால் ஐந்தரை செ.மீ. ஏற்றும்போது ஒன்றரை செ.மீ. பின்னால் போகிறது. அதனால் இப்போது கடைசிவரை தள்ளி வைத்திருப்பதை நடுவுக்குக் கொண்டு வாருங்கள். உயரம் சரியானதும் சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறி உட்கார்ந்து, பெடலைத் தரைக்கு இணையாக முன்னால் வைத்து, முட்டிச்சில்லுக்குக் கீழிருந்து ஒரு நூல் தொங்கவிட்டுப் பாருங்கள், கொத்தனார் தூக்குக்குண்டு இருந்தால் இன்னும் நல்லது. நூல் பெடல் அச்சுக்கு மேலேயோ அதற்குக் கொஞ்சம் பின்னாலேயோ விழட்டும். நிறைய முன்னால் விழுந்தால், சீட் பிடிக்கிற தலை 20, 25 மி.மீ. பின்னால் தள்ளியிருக்கிற போஸ்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். ஸ்டெம் பற்றி இப்போது எழுதவில்லை. போஸ்ட் என்ன விட்டம், ஃபோர்க் ஸ்டீரர் கார்பனா உலோகமா, இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_லேத்:

போஸ்ட் விஷயத்தில் மட்டும் சொல்கிறேன், லேத் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில்.

உங்கள் கணக்கையே போட்டுப் பாருங்கள். 250 மி.மீ. போஸ்டில் கோடு 8 செ.மீ.இல் இருக்கும், அது 2 செ.மீ. வெளியே என்றால் உள்ளே 6தான். வெளியே 19, சீட்டோடு சேர்த்து 24. நெம்புகோல் மாதிரி யோசியுங்கள், 24க்கு 6, நாலு மடங்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் நீங்கள் சீட்டில் விழுகிற விசை நாலு மடங்காகி அந்த மெல்லிய அலுமினியக் குழாயின் வாயைப் பிளக்கப் பார்க்கிறது. போன வருடம் ஒருவர் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்தார், சீட் டியூப் மேல் டியூபோடு சேருகிற வெல்டுக்குப் பக்கத்தில் முடி மாதிரி விரிசல். வெல்டு வைக்கச் சொன்னார், மறுத்துவிட்டேன். சூட்டுப் பதம் கொடுத்த அலுமினியத்தை வெல்டு செய்து அப்படியே விட்டால் அந்த இடம் பலம் இழக்கும், மறுபடி பதம் ஏற்ற அடுப்பு வேண்டும். அவருக்கும் உங்களைப் போலத்தான், கோடு வெளியே.

உங்களுக்கு 76.5 வேண்டுமென்றால் 350 மி.மீ. போஸ்டில் சுமார் பத்து செ.மீ. உள்ளே நிற்கும், அது போதும். ஆனால் நான் 400 எடுங்கள் என்பேன். உள்ளே பதினைந்து செ.மீ. போய்விடும், நெம்புகோல் கணக்கு இரண்டு மடங்காகிவிடும். போஸ்டில் இருக்கிற கோடு போஸ்டுக்கான எல்லை மட்டும்தான், ஃபிரேமுக்கும் ஓர் எல்லை உண்டு: போஸ்டின் கீழ்முனை, மேல் டியூப் வந்து சேருகிற இணைப்பைத் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். சரிவு ஃபிரேமில் சீட் டியூப் இணைப்புக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும், அங்கேதான் ஏமாறுவார்கள். வாங்குவதற்கு முன் ஒரு குச்சியை உள்ளே விட்டு எவ்வளவு ஆழம் தடையில்லாமல் போகிறது என்று பாருங்கள், பாட்டில் கூண்டு திருகுகள் உள்ளே நீட்டியிருந்தால் தட்டும்.

விட்டம் பெரும்பாலும் 27.2 மி.மீ. ஆக இருக்கும், ஆனால் நம்பிப் போகாதீர்கள், பழைய போஸ்டின் அடியில் அச்சிட்டிருக்கும், வெர்னியர் வைத்தும் பாருங்கள். 27.0க்கும் 27.2க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கிளாம்புக்குத் தெரியும். உங்கள் அளவில் நீளமானது கிடைக்காமல் மெலிந்த போஸ்ட் கிடைத்தால் நடுவில் இடைவெளியை நிரப்புகிற மெல்லிய உறையான ஷிம் கடைந்து போடலாம், தப்பில்லை: பத்து செ.மீ. நீளம், ஒரு பக்கம் நெடுக வெட்டு, கீழே நழுவாமலிருக்க மேலே விளிம்பு. தடித்த போஸ்டைக் கடைந்து மெலிய வைப்பது, பழைய போஸ்டோடு குழாய் வைத்து நீட்டுவது, இரண்டும் கேட்டு வராதீர்கள், செய்து கொடுப்பவர் கிடைத்தாலும் செய்யாதீர்கள்.

கிரீஸ் தடவாமல் உள்ளே விடக் கூடாது. சென்னையில் வியர்வை உப்பும் கடல் காற்றும் சேர்ந்து ஒரு வருடத்தில் போஸ்டையும் டியூபையும் ஒன்றாக்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உருவித் துடைத்துத் தடவுங்கள். கார்பன் போஸ்ட் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கான பேஸ்ட் தனி.

தாம்பரம்_200:

தம்பி சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 58 ஓட்ட வேண்டிய நான் 54 ஃபிரேமில் மூன்று வருடம் ஓட்டினேன். மூன்று ஸ்டெம், இரண்டு போஸ்ட், ஒரு ஹேண்டில்பார் மாற்றினேன், எல்லாம் கூட்டினால் நல்ல பழைய 58 ஒன்று வந்திருக்கும். நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சவாரியான பிரவே, அதில் 200 கி.மீ. போனபோதுதான் தெரிந்தது. 13 மணி 30 நிமிடம் கெடு, எனக்கு நேரம் இருந்தது, காலும் இருந்தது, கழுத்து நிமிரவில்லை. 140இல் இறங்கிவிட்டேன். அன்று இரவு முழுக்கத் தலையணையில் தலையைத் திருப்ப முடியாமல் படுத்திருந்தேன்.

இரண்டு சைஸ் சின்ன ஃபிரேமில் எல்லாமே அதன் கடைசி எல்லையில் நிற்கும். போஸ்ட் எல்லையில், ஸ்டெம் எல்லையில். கொஞ்சம் உடம்பு மாறினாலும் நகர்த்த இடமில்லை. அக்கா சைக்கிள் என்கிற பாசம் புரிகிறது, அதை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தூரம் போகிற ஆசை வந்தால் 56 ஒன்று தேடுங்கள்.

கோட்டூர்புரத்தான்:

எல்லோருக்கும் நன்றி. படித்த அன்றே சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டேன்.

பார்த்தாயிற்று: போஸ்ட் 27.2. குச்சி 21 செ.மீ. வரை தட்டாமல் போகிறது. கவட்டு உயரம் மூன்று முறை எடுத்தேன், 87, 86.5, 87. ஸ்டீரர் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியவில்லை, மேல் மூடியைக் கழற்றினால் உள்ளே நட்சத்திர நட்டு இல்லை, ஆலன் கீ விட்டால் விரிகிற மாதிரி ஒரு அடைப்பு இருக்கிறது, குழாய்ச் சுவர் கருப்பாகத் தடிமனாக இருக்கிறது, காந்தம் ஒட்டவில்லை.

தாம்பரம் அண்ணா, கோபமே இல்லை. பிரவே இப்போது நினைப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளம் வரை, என்றாவது ஒரு நாள் அக்கா போன தூரம், அதாவது மாமல்லபுரம். அதற்கு இது தாங்குமா?

நீலாங்கரை_சவாரி:

விரிகிற அடைப்பு, தடித்த கருப்புச் சுவர் என்றால் அது கார்பன் ஸ்டீரர். அப்படியென்றால் கடையில் சொன்ன எக்ஸ்டென்ஷன் கூடாது. அது வெட்டுமுனையில் கவ்விக்கொண்டு மேலே நீளும், உங்கள் கையின் எடை முழுவதும் அந்த ஒரு விளிம்பில் இறங்கும். அலுமினியமோ இரும்போ தாங்குகிற இடத்தில் கார்பன் நசுங்கும், வெளியே தெரியாமலே நசுங்கும். முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது அந்தக் குழாய்தான்.

ஆனால் வழி இருக்கிறது. நிறைய பேர் நினைப்பது போல 52க்கும் 56க்கும் உள்ள பெரிய வித்தியாசம் நீளம் இல்லை. ஒரே மாடலின் அளவுப் பட்டியலை எடுத்து ரீச், ஸ்டாக் என்கிற இரண்டு வரியைப் பாருங்கள். முன்னோக்கிய நீளத்தைக் குறிக்கிற ரீச் இரண்டு சைஸுக்கும் ஒன்று ஒன்றரை செ.மீ.தான் மாறும், உயரத்தைக் குறிக்கிற ஸ்டாக் நாலு செ.மீ. வரை மாறும். சீட் உயர்ந்து அதற்குரிய இடத்துக்குப் போன பிறகு உங்களுக்குப் பத்தாமல் இருக்கப் போவது ஹேண்டில் உயரம். அக்கா சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் இரண்டு செ.மீ. இறக்கம் வைத்திருந்தார் என்றால், சீட் 76.5க்கு ஏறியதும் அது பத்தாகிவிடும். விரல் மரத்துப் போவது கையில் எடை விழுந்து உள்ளங்கை ஓரத்து நரம்பு நசுங்குவதால்தான், இறக்கம் கூடினால் அதுவும் கூடும்.

அதற்கு ஸ்டெம் கோணம். இப்போது இருப்பது கீழ்நோக்கி 6 டிகிரி வகையாக இருக்கும், பக்கத்தில் அச்சிட்டிருக்கும். அதையே தலைகீழாகப் புரட்டி மாட்டினால் செலவில்லாமல் கிட்டத்தட்ட 1.8 செ.மீ. உயரும், ஆனால் அரை செ.மீ. கிட்டே வரும். அதற்குப் பதில் 110 மி.மீ. நீளம், மேல்நோக்கி 17 டிகிரி ஸ்டெம் ஒன்று வாங்கினால் இப்போதிருப்பதைவிட கிட்டத்தட்ட 4.4 செ.மீ. உயரும், முன்னோக்கிய தூரம் அப்படியே இருக்கும். இறக்கம் பத்திலிருந்து ஐந்தரைக்கு வந்துவிடும். 120 என்றால் இன்னும் ஒரு செ.மீ. நீளம் கிடைக்கும். நான் 110இல் தொடங்குவேன். பார்க்க அழகாக இருக்காது, ஸ்டெம் வானத்தைப் பார்க்கும், இருக்கட்டும்.

வாங்கும்போது இரண்டு விட்டம் பாருங்கள், ஸ்டீரர் பக்கம் 28.6, ஹேண்டில் பக்கம் அனேகமாக 31.8. கார்பன் ஸ்டீரரில் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள். ஹேண்டில் நாலு செ.மீ. உயர்ந்தால் பிரேக், கியர் கேபிள் எட்டாமல் போகலாம். இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், கேபிள் இழுத்துக்கொண்டால் ஹேண்டிலில் சுற்றிய டேப்பைப் பிரித்துப் புது கேபிளும் அதன் மேலுறையான அவுட்டரும் போட வேண்டியதுதான். இந்தச் செலவை யாரும் முன்கூட்டி சொல்வதில்லை.

175 கிராங்க் வேண்டாம். சின்ன ஃபிரேமில் முன்சக்கரம் பெடலுக்குக் கிட்டே இருக்கும், மெதுவாகத் திரும்பும்போது ஷூ நுனி டயரில் தட்டும். கிராங்க் நீண்டால் இன்னும் தட்டும், முட்டியும் மேலே இன்னும் மடங்கும். நிறுத்திவைத்த நிலையில் ஒரு முறை திருப்பி எங்கே தட்டுகிறது என்று பழகிக்கொள்ளுங்கள், சிக்னலில் யூ-டர்ன் அடிக்கும்போது வெளிப்பக்கக் கால் பின்னால் இருக்கட்டும்.

தாம்பரம் சார் சொன்னது உண்மைதான், எல்லையில் நிற்கும். ஆனால் நீளமான போஸ்டும் ஸ்டெம்மும் வைத்துப் பொருத்துவது குறைபாடு என்று நினைக்க வேண்டாம். 1990களின் பிற்பகுதியில் மைக் பர்ரோஸ் வடிவமைத்த ஜயன்ட் டி.சி.ஆர். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே சைஸில் வந்தது, மீதியைப் போஸ்டும் ஸ்டெம்மும் பார்த்துக்கொண்டன. உங்கள் சரிவு ஃபிரேமின் பரம்பரை அதுதான். கோவளத்துக்குத் தாராளமாகத் தாங்கும். மாமல்லபுரத்துக்கும்.

கோட்டூர்புரத்தான்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். 400 மி.மீ. போஸ்ட், 110 ஸ்டெம், புது கேபிள், டேப். போஸ்டுக்கும் ஸ்டெம்முக்கும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது, கேபிளும் டேப்பும் தனியாக ஆயிரத்து நானூறு. சீட்டை வாரம் ஒன்றரை செ.மீ. வீதம் ஏற்றி 76.2இல் நிறுத்தியிருக்கிறேன், அதற்கு மேல் போனால் இடுப்பு ஆடுகிறது. நூல் பெடல் அச்சுக்கு மேலேயே விழுகிறது, சீட் தண்டவாளம் நடுவில். முட்டி வலி மூன்றாவது வாரமே போய்விட்டது. போன ஞாயிறு கோவளம் போய் வந்தேன்.

இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் கொஞ்சம் மரக்கிறது. வலது கை சரியாகிவிட்டது.

அக்கா பொங்கலுக்கு வருகிறாள். பழைய போஸ்டில் 68க்கு நேராக டேப் ஒட்டி, அந்த 90 ஸ்டெம்மோடு சேர்த்துக் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்தால் ஒரு மணி நேரத்தில் அவளுக்கு மாற்றிவிடலாம். கேபிள் நீளமாகிவிட்டது, அது அவளுக்கு இடைஞ்சலாக இருக்குமா?

நீலாங்கரை_சவாரி:

கேபிள் கொஞ்சம் வளைந்து நிற்கும், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ஸ்டெம் மாற்றுகிற அன்று டார்க் ரெஞ்ச் மறக்காதீர்கள்.

இடது விரலுக்கு: ஸ்டெம் கோணம் மாறியபோது ஹேண்டில்பாரும் சேர்ந்து சுழன்றிருக்கும், பிரேக் பிடிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அவற்றின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். இடதுபிடி அரை செ.மீ. உள்பக்கமோ மேலேயோ திரும்பியிருந்தாலே மணிக்கட்டு ஒடிந்து நிற்கும். கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி திருப்பி வையுங்கள்.